முதுகோரத்தில் ஒரு புடைப்பு: கத்தி எடுக்குமுன் விலா எலும்பை எண்ணுவது ஏன்?



குழந்தைகளுக்கு வரும் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா என்றதும், நம்மில் அநேகருக்கு நினைவில் வருவது தொடை இடுக்கில் வரும் புடைப்பு. அல்லது தொப்புளில் வரும் புடைப்பு. இவ்விரண்டும் சாதாரணமாகக் காணப்படுகிறவை. இந்தப் பாடத்தில் நாம் கற்றுக்கொள்ளப் போவது மிக அபூர்வமான வேறொன்று. முதுகின் ஓரத்தில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, பிறவியிலேயே தசைச்சுவர் மெலிந்தோ இல்லாமலோ போய், அந்த வழியாகக் குடலோ கொழுப்போ, சில வேளைகளில் சிறுநீரகமேகூடவோ வெளியே தள்ளி நிற்பது. மருத்துவர்கள் இதைப் பிறவி லம்பார் ஹெர்னியா என்பார்கள். நாம் பின்னிடுப்புக் குடலிறக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

குழந்தைகளுக்கு அறுவை செய்வதே தொழிலாகக் கொண்ட மருத்துவரும் தம் வாழ்நாளில் இவற்றில் ஒரு சிலவற்றையே காண்பார். அவ்வளவு அரிய நோய்க்கு ஒரு முழுப் பாடம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் புடைப்பு பல குழந்தைகளிடத்தில் தனியே வருவதில்லை. உள்ளே ஒரு விலா எலும்பு குறைந்திருக்கும். ஒரு முள்ளெலும்பு பாதியாக நிற்கும். ஒரு சிறுநீரகம் இல்லாமலும் இருக்கலாம். வெளியே தெரிவது புடைப்பு மட்டுமே. அதை மட்டும் பார்த்துத் துவாரத்தைத் தைத்து அனுப்பினால், குழந்தையின் பெரிய கஷ்டம் பத்து வருடம் கழித்துக் கூனாக வந்து நிற்கும்.

புடைப்பு எப்படி இருக்கும்?

குழந்தையைத் தோளில் சாய்த்துப் போட்டிருக்கும்போது பாட்டிதான் பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பார். எலுமிச்சை அளவோ அதைவிடப் பெரிதாகவோ முதுகின் ஒரு பக்கத்தில் மெத்தென்று இருக்கும். குழந்தை அழுதால் பெருக்கும், தூங்கினால் அடங்கும். மெல்ல அழுத்தினால் 'களக்' என்று உள்ளே போய்விடும். வலி கிடையாது. மேலே தோல் நன்றாகவே இருக்கும்.

இதைக் கொழுப்புக் கட்டி என்று நினைக்கிறவர்கள் உண்டு. சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டால் கத்தி படும் இடம் குடலாயிருக்கும். எனவே குழந்தையின் முதுகோரத்தில் உள்ள எந்த மெத்தென்ற புடைப்பையும் ஸ்கேன் பார்க்குமுன் கீறவோ ஊசி குத்தவோ கூடாது. தொப்புள் புடைப்புக்குக் காசு வைத்துக் கட்டும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு அல்லவா, அதையே முதுகுக்கும் செய்கிறார்கள். தொப்புள் புடைப்பு அநேகமாய்த் தானே மூடிக்கொள்ளும். ஆகையால் காசுக்கு நற்பெயர் கிடைத்துவிடுகிறது. பின்னிடுப்புத் துவாரம் தானாக மூடாது. குழந்தை வளர வளர அதுவும் பெரிதாகும், ஓரத்துத் தசை இன்னும் மெலியும். அத்துடன், விலா எலும்பு குறைந்த குழந்தையின் மார்பைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டினால் மூச்சுக்கே இடைஞ்சல்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நடு முதுகில், தண்டின் மேலேயே புடைப்பு இருந்தால் அது தண்டுவடத்தின் உறை பிதுங்கிய வேறு நோய். அதற்கு அவசரம் அதிகம். பின்னிடுப்புக் குடலிறக்கம் நடுக்கோட்டை விட்டு விலகி, பக்கத்தில் நிற்கும். கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் இந்த ஒரு வித்தியாசத்தை அறிந்திருந்தாலே குழந்தையைச் சரியான இடத்துக்கு அனுப்பிவிடலாம். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தில் பிறவிக் குறைகள் என்று ஒன்பது பட்டியலிடப்பட்டிருக்கின்றன. உதட்டுப் பிளவு, வளைபாதம், பிறவிக் கண்புரை, தண்டுவட உறைப் பிதுக்கம் முதலியவை அதில் இருக்கின்றன. குடலிறக்கம் இல்லை. அரிய நோயை எல்லாம் பட்டியலில் சேர்க்க முடியாது என்பது நியாயமே. ஆனால் பட்டியலில் இல்லாததைப் பார்ப்பதற்குக் குழந்தையின் சட்டையைக் கழற்றி முதுகைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். புதன்கிழமைத் தடுப்பூசி நாளில் தொடையை மட்டும் திறந்து ஊசி போட்டு அனுப்பிவிட்டால் முதுகை யார் பார்ப்பது?

கரும்பின் கணுக்கள்

தசையில் ஒரு குறை, எலும்பில் ஒரு குறை, சிறுநீரகத்தில் ஒரு குறை. மூன்றும் ஏன் சேர்ந்து வருகின்றன? இந்தப் பாடத்தின் நடு மையம் இதுதான். சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள்.

கருவுற்ற ஏறத்தாழ 20-ஆம் நாளில், அரிசி நீளங்கூட இல்லாத கருவின் முதுகுப் பக்கம், நடுக்கோட்டுக்கு இருபுறமும் சோடி சோடியாகச் சிறு முடிச்சுகள் தோன்றுகின்றன. தலைப் பக்கத்தில் தொடங்கி வால் பக்கமாக, நாளொன்றுக்கு மூன்று சோடி வீதம் வரிசையாக உண்டாகும். ஐந்தாம் வாரம் முடிவதற்குள் 42 முதல் 44 சோடிகள் வந்துவிடும். கரும்பில் கணு கணுவாக இருப்பதுபோல மனித உடலும் தொடக்கத்தில் கணுக்களாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு கணுவும் பிறகு பிரிகிறது. உள்பக்கம் முள்ளெலும்பாகவும் விலா எலும்பாகவும் மாறும். வெளிப்பக்கம் அந்த மட்டத்துத் தசையாக மாறும். வயிற்றுச் சுவரின் தசைகள் முதுகிலிருந்து முன்னோக்கி வளர்ந்து வருகிறவையே. கணுக்களுக்கு ஒட்டினாற்போல் வெளியே இருக்கும் திசுவிலிருந்து சிறுநீரகம் உண்டாகிறது. அந்த வாரங்களில் ஒரு பக்கத்துக் கணுக்கள் இரண்டோ மூன்றோ கெட்டுப்போனால், அந்த மட்டத்தில் முள்ளெலும்பு பாதியாக நிற்கும். அதைச் சேர்ந்த விலா எலும்பு வராது. அதன் தசை மெலியும். பக்கத்திலுள்ள சிறுநீரகமும் சில குழந்தைகளில் பாதிக்கப்படும். பல வியாதிகள் ஒன்றாய் வந்ததுபோல் தோன்றினாலும் உண்மையில் அது ஒரே இடத்தில், ஒரே வாரத்தில் நேர்ந்த ஒரே குறை.

இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை அறுவை மருத்துவர் ராபர்ட் டுலூகியன். 1972-ல் அவர் எழுதிய கட்டுரை இந்தச் சேர்க்கைக்கு, இடுப்பு, விலா, முள்ளெலும்பு என்னும் மூன்று சொற்களையும் சேர்த்து 'லம்போ காஸ்டோ வெர்டிப்ரல் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டது. தசைச்சுவரின் பலவீனமான இரண்டு முக்கோணங்களை அதற்கு வெகு காலம் முன்பே அறிந்திருந்தார்கள். கீழ் முக்கோணம் 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மருத்துவர் பெத்தியின் பெயரால் வழங்குகிறது. மேல் முக்கோணத்தை 1866-ல் கிரின்ஃபெல்ட்டும் 1870-ல் ருஷிய நாட்டு லெஸ்ஹாஃப்ட்டும் விவரித்தார்கள். ஆனால் ராண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டது 1895-ல்தான். அதுவரை உயிருள்ள குழந்தையின் விலா எலும்பை யாராலும் எண்ணிப் பார்க்க முடிந்ததில்லை.

"நான் என்ன செய்தேன்?"

தாய் கேட்கும் முதல் கேள்வி இதுவே. மாமியாரோ அக்கம்பக்கத்தாரோ அதற்குமுன் பதிலும் சொல்லியிருப்பார்கள். கிரகணத்தில் வெளியே போனாய், அரிவாள்மணையில் உட்கார்ந்தாய், நைட் ஷிப்டில் நின்று வேலை பார்த்தாய்.

கிரகணத்துக்கும் அரிவாள்மணைக்கும் இதில் ஒரு பங்கும் இல்லை. ஆலையில் நின்று வேலை செய்வது இந்தக் குறையை உண்டாக்குகிறது என்பதற்கும் சான்று கிடையாது. கணுக்கள் உருவாகத் தொடங்கும் 20-ஆம் நாள் என்பது தீட்டு தள்ளிப்போய் ஒரு வாரம் ஆகும் சமயம். தான் கர்ப்பமாயிருப்பதே அநேகப் பெண்களுக்கு அப்போது தெரிந்திராது. பெரும்பாலான குழந்தைகளில் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்க முடிவதில்லை. அறியப்பட்ட ஒன்று உண்டு: கர்ப்பம் தரிக்குமுன்பே சர்க்கரை நோய் இருந்து, அது கட்டுக்குள் வராத தாய்மாரின் குழந்தைகளில் முதுகெலும்புக் குறைகள் அதிகமாகக் காணப்படுகின்றன. இது பழி சொல்வதற்காக அல்ல, அடுத்த கர்ப்பத்துக்கு முன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வதற்காக.

அடுத்த குழந்தைக்கும் வருமா? ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று கணுக்கள் மட்டும் கெட்டிருந்தால் அநேகமாய் மறுபடி வருவதில்லை. ஆனால் எக்ஸ்ரேயில் முதுகெலும்பு முழுவதுமே தாறுமாறாகவும், விலா எலும்புகள் பல ஒட்டியும் தெரிந்தால், அது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் பரம்பரைக் குறையாக இருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பது வழக்கமாயிருக்கும் நம் ஜில்லாக்களில் இதைப் பெற்றோரிடம் பேசாமல் விடுவது சரியல்ல. அடுத்த கர்ப்பத்தில் ஐந்தாம் மாதத்து ஸ்கேனில் முதுகெலும்பைக் கவனமாகப் பார்க்கச் சொல்லலாம். ஒரே ஒரு எக்ஸ்ரே படம் எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது பாருங்கள்.

அறுவைக்கு முன் நடப்பவை

சிகிச்சைக் கணக்கை வாசிக்கும் ஆதரவாளர் ஒருவருக்கு, அறுவைச் செலவுக்கு முன்னாலேயே இத்தனை பரிசோதனைகளா என்று தோன்றக்கூடும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

முதலில் மார்பும் முதுகும் சேர்ந்த எக்ஸ்ரே. இரு பக்கமும் பன்னிரண்டு விலா எலும்புகளையும் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். முள்ளெலும்புகள் செவ்வகமாக இருக்கின்றனவா, ஆப்புபோல ஒரு பக்கம் குறுகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குழந்தைகளின் குடலிறக்க அறுவைக்கு வால் எலும்புப் பக்கமாக முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வது வழக்கம். முதுகெலும்பும் தண்டுவடமும் சரியாக இல்லாத குழந்தைக்கு அந்த ஊசி ஆபத்து. மயக்க மருத்துவர் முதலில் கேட்பதே இந்தப் படத்தைத்தான்.

அடுத்தது வயிற்று ஸ்கேன். பிதுங்கி நிற்பது குடலா சிறுநீரகமா, மறு பக்கத்துச் சிறுநீரகம் இருக்கிறதா என்று அது சொல்லும். இருப்பதே ஒன்றுதான், அதுவும் புடைப்புக்குள் இருக்கிறது என்றால், அறுவை செய்பவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். பிறவியிலேயே முதுகெலும்பு கோணிய குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிறுநீர்த் தாரையில் ஏதேனும் குறை இருக்கிறது. இருதயத்தில் குறையுள்ளவர்களும் குறைவல்லர். ஆகவே எக்கோவும் வேண்டும். ஆண் குழந்தையானால் விதைகள் கீழே இறங்கியிருக்கின்றனவா, எந்தக் குழந்தைக்கும் ஆசனவாய் சரியாக இருக்கிறதா என்பதைப் பார்க்கக் கண்ணும் கையும் போதும். அதற்குச் செலவே இல்லை, ஆனாலும் மறக்கப்படுவது அதுதான். முள்ளெலும்பில் குறை தெரிந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துத் தண்டுவடம் இரண்டாகப் பிரிந்திருக்கிறதா, கீழே எதிலாவது ஒட்டி இழுபடுகிறதா என்றும் பார்ப்பார்கள்.

அறுவையை அநேகமாய் முதல் பிறந்தநாளுக்குள் செய்துவிட விரும்புவார்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, புடைப்பின் மேல் கீறி, வெளியே வந்தவற்றை உள்ளே தள்ளி, தசையின் ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துத் தைப்பார்கள். துவாரம் சிறிதானால் இதுவே போதும். பெரிதானால் செயற்கை வலை வைக்க வேண்டும். கஷ்டம் இங்கேதான் வருகிறது. வலையின் கீழ் ஓரத்தை இடுப்பெலும்பில் கட்டலாம். மேல் ஓரத்தை விலா எலும்பில் கட்ட வேண்டும். அந்த விலா எலும்பே இல்லையென்றால்? மேல் உத்திரம் இல்லாத வீட்டுக்குக் கூரை போடுவதுபோல, இன்னும் மேலேயுள்ள எலும்பையும் மெலிந்த தசையையும் தேடிப் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கும். தவிர, குழந்தை வளரும், வலை வளராது. அதற்காக வலையைத் துவாரத்தைவிட நன்றாகப் பெரிதாக வெட்டி, இறுக்காமல் வைக்கிறார்கள்.

சில நாட்களில் குழந்தை வீட்டுக்குப் போய்விடும். பெற்றோரும் நிம்மதி அடைவார்கள்.

அதன்பிறகு பதினைந்து வருடம்

முள்ளெலும்பு பாதியாக இருந்தால், இருக்கிற பாதி மட்டும் மேலும் கீழும் வளர்ந்துகொண்டே போகும். இல்லாத பக்கம் வளராது. முதுகுத்தண்டு மெல்ல மெல்ல ஒரு பக்கம் வளையும். இந்த வளைவு வேகம் பிடிக்கும் காலங்கள் இரண்டு: முதல் ஐந்து வயது, பிறகு பருவம் அடையும் வயது. எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி ஆவதில்லை. அருகருகே இரண்டு குறைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து தண்டு நேராகவே நின்றுவிடுவதும் உண்டு. எந்தக் குழந்தை எப்படி என்பதை முதல் படத்தோடு அடுத்தடுத்த படங்களை வைத்து ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். பிறவியில் வந்த வளைவை எண்ணெய் தேய்ப்பதும் பெல்ட் போடுவதும் நேராக்குவதில்லை. வளைவு கூடுகிறது என்று சிறு வயதிலேயே தெரிந்தால் அந்த ஒரு பாதி எலும்பை மட்டும் எடுத்துச் சின்ன அறுவையாக முடிக்கலாம். பன்னிரண்டு வயதில் கூனோடு வந்தால் அறுவை நீளமானது, தண்டுவடத்துக்கு ஆபத்தும் அதிகம். விலா எலும்புகள் பல இல்லாத பக்கத்தில் நுரையீரலும் இடமின்றிக் குறுகிப் போகும். நுரையீரலின் காற்றறைகள் பெருகுவது முக்கியமாக முதல் சில வருடங்களில் அல்லவா?

இப்போது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வருவோம். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் போகும் சாலையில் ஒரகடம் இருக்கிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை அதைக் குறுக்கே வெட்டுகிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் வரத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான், 2012-ல் டைம்லர் லாரி ஆலை. சுற்றியுள்ள கிராமங்களில் வரிசை வரிசையாக வாடகை அறைகள் எழும்பின. தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்தும் இளம் தம்பதியர் வந்து குடியேறுகிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் புறப்பட்டும் போகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலை இழந்தார்கள். எட்டே வருடம். ஒரு குழந்தையின் முதுகெலும்பு வளர்ந்து முடிய அதைப்போல் இரண்டு மடங்கு காலம் வேண்டும்.

இந்தப் பகுதியின் தனிக் கஷ்டம் இதுவே. அறுவைக்கு வழி இல்லாமல் இல்லை. கிழக்கே எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் வழியாகப் போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. நெடுஞ்சாலையில் மேற்கே போனால், 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கி வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஊதிய உச்சவரம்புக்குள் வரும் தொழிலாளியின் குழந்தைக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, ஆனால் குழந்தையின் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். பிரசவமானதும் அதைச் செய்யாத குடும்பங்கள் அவசர வேளையில் அலைய நேரிடுகிறது. தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வைத்திருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆக, துவாரத்தை மூடிவிடலாம். மூடியபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதுகைப் பார்க்க அந்தக் குழந்தை எங்கே இருக்கும் என்பதுதான் தெரியாது.

ஆகவே குழந்தை நம்மிடமே திரும்பி வரும் என்று நம்பியிராமல், அதன் சரித்திரம் அதனோடேயே போகும்படி செய்வதே நடைமுறைக்கு ஏற்றது. அறுவைக்கு முன் எடுத்த முதல் எக்ஸ்ரே மிக முக்கியம். எதிர்காலத்தில் எந்த ஊர் மருத்துவர் பார்த்தாலும் அதனோடு ஒப்பிட்டுத்தான் வளைவு கூடியதா என்று சொல்வார். பெரிய பிளாஸ்டிக் உறையில் படத்தைப் போட்டுக் கொடுத்தாலும் வாடகை அறையில் மழை ஒழுகினால் போச்சு. அதனால் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தகப்பனாரின் கைப்பேசியிலும் தாயின் கைப்பேசியிலும் ஊரிலுள்ள தாத்தாவின் கைப்பேசியிலும் எடுத்து வைக்கச் சொல்வது நல்லது. குழந்தையின் தடுப்பூசி அட்டையில், ஊசித் தேதிகளுக்குக் கீழே, எந்தப் பக்கத்தில் எத்தனையாவது விலா எலும்பு இல்லை, எந்த முள்ளெலும்பு பாதி, சிறுநீரகம் ஒன்றா இரண்டா, வலை வைத்ததா இல்லையா என்று நான்கு வரி எழுத வேண்டும். தமிழில் எழுதினால் பாலசோரில் யாருக்கும் புரியாது. அந்த நான்கு வரியை ஆங்கிலத்தில் எழுதி, தாய்க்கு அவள் மொழியிலேயே வாசித்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் தாயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் இருக்கிறது. குழந்தை நிற்கத் தொடங்கியபின், மாதம் ஒருமுறை குளிப்பாட்டும்போது பின்னால் நின்று முன்னே குனியச் சொல்ல வேண்டும். முதுகின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் தெரிகின்றனவா? ஒரு தோள் இறங்கியிருக்கிறதா? இரவில் சிறுநீர் கசிவது புதிதாகத் தொடங்கியிருக்கிறதா, ஒரு கால் இழுக்கிறதா? இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல், எந்த ஊரில் இருந்தாலும், அந்த அட்டையோடு எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். பழைய தழும்பின் பக்கத்தில் மறுபடி புடைத்தாலும் அப்படியே.